நெத்திலி மேல் போட்ட பழி

ரத்தத்தில் யூரிக் அமிலம் 9.4 என்று பரிசோதனைச் சீட்டில் அச்சாகியிருந்தது. பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. ஏழுக்குள் இருக்க வேண்டும் என்று கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு. நாளிதழ் ஒன்றில் செய்தி திருத்தும் மேசையில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருப்பவன் நான். எண்ணைப் பார்த்ததும் அச்சுப்பிழையாக இருக்குமோ என்றுதான் தோன்றியது.

கால் அப்படிச் சொல்லவில்லை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வலது காலை ஊன்றியபோது, பெருவிரல் மூட்டில் ஆணி இறங்கியதுபோல் இருந்தது. மூட்டு சிவந்து, தோல் இழுத்துக் கட்டி மினுமினுத்தது. மின்விசிறிக் காற்று பட்டால்கூட வலித்தது. போர்வை நுனி உரசியதற்கு நான் போட்ட சத்தத்தில் மனைவி அடுப்பை அணைக்காமல் ஓடி வந்தாள்.

திருவொற்றியூரில் எங்கள் தெருமுனையில் ஒரு சின்ன கிளினிக் இருக்கிறது. அங்கிருந்த பெண் மருத்துவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "வீட்ல சாப்பாடு எப்படி?" என்று கேட்டார். மனைவி பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"என் மச்சான் ஃபைபர் போட்ல போறான் டாக்டர். வாரத்துக்கு நாலு நாள் மீன் வந்துடும். நெத்திலி, கவலை, இந்த மாதிரி பொடி மீன்தான் நிறைய."

"அதான். பொடி மீன்ல பியூரின் ஜாஸ்தி. அது உடம்புல போய் யூரிக் ஆசிடாத்தான் மாறும். கொஞ்ச நாள் நிறுத்திடுங்க. குடிப்பீங்களா?"

"எப்பவாவது."

"அதையும் விட்டுடுங்க. மாத்திரை எழுதித் தர்றேன். மத்ததெல்லாம் இந்தப் பேப்பர்ல இருக்கு. தண்ணி நிறைய குடிங்க."

நிருபர் யாராவது "எப்போதாவது" என்று எழுதி அனுப்பினால், எத்தனை முறை, எங்கே, யார் சொன்னது என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறவன் நான். மருத்துவர் கேட்கவில்லை. வெளியே இன்னும் பதினோரு பேர் காத்திருந்தார்கள்.

நான் சொன்னதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. எதை முதலில் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை வைத்தே ஒரு செய்தியின் முகத்தை மாற்றிவிடலாம். அது எனக்குக் கைவந்த வேலை. சொல்லாமல் விட்டது இதுதான்: சனிக்கிழமை எனக்கு விடுப்பு. ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் புளியந்தோப்பில் வசிக்கும் பழைய சக ஊழியன் ஒருவனைப் பார்க்கப் போவேன். ஆட்டுத்தொட்டி என்று சொல்லப்படும் ஆடு அறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டிக் கடை. அங்கே ஈரலும், சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரலும் மிளகு போட்டு வறுத்துத் தருவார்கள். வாங்கிக்கொண்டு நண்பன் வீட்டு மொட்டை மாடிக்குப் போவோம். ஆளுக்கு மூன்று பீர். கால் வீங்கிய ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாளும் அப்படி ஒரு சனிக்கிழமைதான். இதை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே கணக்குப் போட்டுவிட்டேன்.

மருத்துவர் தந்த தாளில் இரண்டு பக்கமும் அச்சாகியிருந்தது. ஒரு பக்கத்தில் மீன் வகைகள், இறால், நண்டு, பருப்பைப் பற்றி இரண்டு வரி, தண்ணீரின் அளவு. மறுபக்கத்தில் ஈரல், மூளை, சுவரொட்டி, பீர், புட்டியில் வரும் இனிப்புப் பானங்கள். வீட்டுக்கு வந்ததும் நானே அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன். நாலு ஓரமும் செல்லோடேப் போட்டு, மீன் பக்கம் வெளியே தெரியும்படி.

*

எங்கள் வீட்டுக்கு மீன் என்றால் என்ன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

நான் பெரம்பூரில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன். மனைவி காசிமேட்டில் கடலுக்குப் போகிற குடும்பத்துப் பெண். எங்கள் கல்யாணம் இரண்டு வீட்டாருக்கும் பிடிக்காமல் நடந்தது. ஒரு வருடம் அவள் வீட்டிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பிறகு ஒரு காலை, கேட்டில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. உள்ளே நெத்திலி, ஈரம் காயாமல். யார் மாட்டினார்கள் என்று தெரியவில்லை. மனைவி பையைப் பிரித்து முகர்ந்து பார்த்து, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாட்டியது அவள் தம்பி. கொடுத்தனுப்பியது அவள் அம்மா. படகில் போகிறவர்கள் விற்பதற்கு முன் தங்கள் வீட்டுக் குழம்புக்கென்று ஒரு பங்கை எடுத்து வைப்பார்கள். அந்தப் பங்கில் எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள் என்பதுதான் அந்தப் பையின் பொருள். அதற்குமேல் சமாதானப் பேச்சு எதுவும் நடக்கவில்லை, தேவைப்படவும் இல்லை.

அதற்கப்புறம் இருபது வருடம் அந்தப் பை தொங்கியது. மச்சான் மணி அடிக்க மாட்டான். நான் வாசலில் தட்டுப்பட்டால் மட்டும் வண்டியை நிறுத்தி வம்பிழுப்பான். "இன்னா மாமு, பேப்பர்ல இன்னைக்கு எவன் தலைய உருட்டுன? நீ எளுதறதுல பாதி டூப்பாமே? உன் பேப்பர்லதான் எங்கம்மா மீன் கட்டிக் குடுக்குது, அதாங்காட்டி ஒரு பிரயோசனம் கீது."

மருத்துவரிடம் போய்வந்த மறுநாள், மனைவி கேட்டில் நின்று அவனைத் தடுத்தாள். நான் உள்ளே காலை நாற்காலியில் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தேன். சன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

"டேய், கொஞ்ச நாளைக்கு மீன் வேணாண்டா. அவுருக்கு ஒத்துக்கல. கால் வீங்கிப் போச்சு."

"மீன் துன்னா கால் வீங்குமா? அப்ப காசிமேடு மொத்தமும் நொண்டிகினுல்ல இருக்கணும்?" என்று சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. "இன்னாக்கா, மெய்யாலுமேவா?"

"டாக்டரே சொல்லிட்டாங்கடா. நெத்திலிதான்னு."

பிறகு அவன் தாழ்ந்த குரலில் கேட்டான். "எண்ணூர் பக்கம் புடிச்சதா இருக்குமோ? அந்த முகத்துவாரத்துலதான் வலை போட்டோம். தண்ணி கலீஜாத்தான் கீது. சாம்பல் மெதந்துகினு வருது. நாங்கதான் நெத்திலி கொத்தா கீதேன்னு…"

அது தவறு. பியூரின் மீனின் சதையில் இயல்பாகவே இருப்பது. வங்கக் கடலின் நடுவில் பிடித்த நெத்திலியிலும் அதே அளவு இருக்கும். அனல்மின் நிலையத்திலிருந்து எண்ணூர்க் கழிமுகத்தில் கலக்கும் சாம்பலுக்கும் என் பெருவிரலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் சாம்பல் தண்ணீரையும் எண்ணெய்ப் படலத்தையும் பார்த்துப் பார்த்து, தாங்கள் பிடிப்பதே விஷமாகிவிட்டதோ என்ற பயம் அங்கே எல்லோருக்கும் உள்ளே இருக்கிறது. உடம்புக்கு எது வந்தாலும் அந்தப் பயம்தான் முதலில் எழுந்து நிற்கும். ஒரு வாக்கியத்தில் நான் அதைத் தெளிவாக்கியிருக்க முடியும். சன்னலுக்கும் கேட்டுக்கும் இடையே பத்தடி தூரம்கூட இல்லை.

நான் நாளிதழை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

*

மனைவி பத்தியத்தைக் கையில் எடுத்தாள். நான் செய்த எந்த வேலையிலும் அவ்வளவு ஒழுங்கு இருந்ததில்லை. காலையில் எழுந்ததும் ஒரு செம்பு தண்ணீர். அலுவலகத்துக்கு இரண்டு புட்டித் தண்ணீர், மாலையில் இரண்டும் காலியா என்று தூக்கிப் பார்ப்பாள். சுரைக்காய், புடலங்காய், பூசணி, ஆடை எடுத்த பாலில் மோர். தண்ணீரில் எலுமிச்சை. செல்பேசியில் யாரோ அனுப்பினார்கள் என்று தக்காளியை நிறுத்தினாள். பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று முருங்கைக்கீரையை நிறுத்தினாள்.

தானும் மீனை விட்டாள். நான் வேண்டாம் என்றேன்.

"ஒருத்தர் துன்னாத வூட்ல இன்னொருத்தி மணக்க மணக்க கொளம்பு வெச்சித் துன்னா நல்லாவா கீது?" என்றாள்.

அவள் அம்மா வீட்டுக்குப் போனாலும் மீனைத் தொடவில்லை என்று பிறகு தெரிந்தது. பிறந்ததிலிருந்து மீன் இல்லாமல் ஒரு வாரம் இருந்தறியாதவள், மூன்றரை மாதம் சுரைக்காய்க் கூட்டைப் பிசைந்து சாப்பிட்டாள். சாப்பிடும்போது தட்டைப் பார்க்க மாட்டாள்.

நான் சனிக்கிழமைகளில் புளியந்தோப்புக்குப் போனேன். முதல் மூன்று வாரம் போகவில்லை. வீக்கம் வற்றியதும் போனேன். மாத்திரை சாப்பிடுகிறோமே, மீனை விட்டுவிட்டோமே, ஒரு பக்கம் விட்டதை இன்னொரு பக்கம் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "எங்கே போறீங்க?" என்று மனைவி கேட்டால், "நண்பன் வீட்டுக்கு" என்பேன். அதுவும் உண்மைதான்.

மூன்றரை மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் 9.1 என்று வந்தது.

அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தேன். காலை பத்து மணி இருக்கும். என் மாமியார் அந்தத் தெருவில்தான் மீன் விற்கிறார். காசிமேட்டில் ஏலம் எடுத்து, அலுமினியக் கூடையோடு ஷேர் ஆட்டோவில் வந்து, மூடிய கடை ஒன்றின் வாசல் ஓரமாக உட்காருவார். அன்று கூடை நிறைய நெத்திலி இருந்தது. ஈரச் சாக்கால் பாதி மூடியிருந்தார். அரிவாள்மணை துடைத்து வைத்தபடி இருந்தது. அந்த நேரத்துக்கு அதில் செதில் ஒட்டியிருக்க வேண்டும்.

ஒரு வாடிக்கைக்காரப் பெண்மணி எதிரே நின்றுகொண்டிருந்தார். தெருவோரம் நின்றிருந்த ஓர் ஆட்டோவுக்குப் பின்னால் நான் இருந்தேன்.

"இன்னாம்மா, நம்ம மீனு வேணாமா?" என்று மாமியார் கேட்டார்.

"கோச்சிக்காத. உம் மருமவனுக்கே ஒத்துக்கலயாமே. கால் வீங்கிக் கெடந்தாராமே. எண்ணூர் தண்ணி மீனுன்னு உம் புள்ளயே சொன்னானாம். எங்க வூட்ல சின்னப் பசங்க கீதுங்க."

"இது தெக்கால போயி புடிச்சது தாயி. எண்ணூர் பக்கமே போவல."

"அதான் எல்லாரும் சொல்றாங்க," என்று சிரித்துவிட்டு, அந்தப் பெண்மணி மூன்று கடை தள்ளிப் போய் வாங்கினார். பக்கத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த இன்னொருத்தி, "மாப்ளைக்கு சைவச் சாப்பாடு போட்டுகினு, ஊருக்கு மட்டும் நெத்திலி விக்கிறியா பெருசு?" என்று கேலி பேசினாள். மாமியார் கூடையின் மேல் சாக்கை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார்.

இதையெல்லாம் நான் துல்லியமாகப் பார்த்தேன். சாக்கின் கிழிசலை, ஈயை ஓட்டும் கையை, வாங்கிய பெண்மணியின் பச்சை வயர் கூடையை. பார்க்கிறவன் நடுவில் போகக்கூடாது என்பது எங்கள் தொழிலில் ஒரு மரியாதையான வழக்கம். அன்று அந்த வழக்கத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். வேறு தெரு வழியாக வீட்டுக்கு வந்தேன்.

மனைவி சீட்டை வாங்கிப் பார்த்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"மீன் வாடையே வூட்ல இல்ல. அப்புறம் எப்படிங்க?" என்று கேட்டாள். கோபமில்லை. தன் கணக்கில் எங்கே தவறு என்று தேடுகிற முகம். "பருப்பாத்தான் இருக்கும். இனிமே அதையும் நிறுத்திடலாம். என் தப்புதான். முன்னாடியே நிறுத்தியிருக்கணும்."

எழுந்து போய்க் குளிர்பெட்டிக் கதவிலிருந்து தாளை உரித்தேன். ஒரு ஓரம் கிழிந்தது. திருப்பி அவள் கையில் கொடுத்தேன்.

அவள் மெதுவாகப் படித்தாள். சுவரொட்டி என்ற இடத்தில் விரல் நின்றது. என் சட்டையில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் அடித்த மிளகு வாசனை அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். துவைப்பது அவள்தானே.

"எத்தினி சனிக்கிழமை?"

"பத்து. பதினொண்ணு."

தாளை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். கடைத்தெருவில் நான் கேட்டதையும் சொன்னேன். அப்போதுதான் அவள் முகம் மாறியது.

"எங்கிட்ட சொல்லிட்டா முடிஞ்சிதா? மீனு மேலதானே பழியப் போட்ட? எங்கம்மாகிட்ட சொல்லு. தம்பிகிட்ட சொல்லு." இருபது வருடத்தில் அவள் என்னை ஒருமையில் பேசியது அன்றுதான்.

நாளிதழில் தவறான செய்தி முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் வரும். திருத்தம் உள்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், பொடி எழுத்தில் வரும். அந்தத் திருத்தங்களை எழுதுகிறவன் நான்தான். மனைவியிடம் மட்டும் சொன்னதும் அப்படி ஒரு திருத்தம்தான்.

*

மறுநாள் காலை மாமியாரிடம் போனேன். கடைத்தெருவில் எல்லோரும் கேட்கும்படி சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். வழியெல்லாம் வாக்கியத்தைச் சரிபார்த்துக்கொண்டே நடந்தேன்.

"வாங்க மாப்ள. கால் எப்படி கீது? குந்துங்க," என்று ஒரு பலகையைத் தள்ளினார்.

"அத்தை, என் காலுக்கு மீன் காரணமில்ல. நான்…"

"கத்தாதீங்க," என்றார். குரல் உயரவில்லை. ஒரு சங்கரா மீனைச் செதில் உரித்துக்கொண்டே பேசினார். "சனிக்கிழமை சாய்ங்காலம் புளியந்தோப்புல, வண்டிக்கடையாண்ட. கருவாடு விக்கிற பொம்பள ஒருத்தி பாத்துட்டு வந்து சொன்னா. ரெண்டு மாசம் ஆவுது."

"அப்ப ஏன் நீங்க யார்கிட்டயும் சொல்லல?"

"இன்னான்னு சொல்லுவேன்? மீனு கெட்டுதுன்னு பேசுனா, ஒரு மாசம் பேசுவாளுங்க, அப்புறம் வந்து வாங்குவாளுங்க. எங்கள உட்டுட்டு எம் பொண்ணு தேடிகினு போன ஆளு டபாய்ச்சிகினு கீறாருன்னு பேசுனா, அது எத்தினி வருசத்துக்கு ஓடும்?"

அவர் ஒரு பையில் நெத்திலியை அள்ளிப் போட்டார். மூடாமல், மேலே மீன் தெரியும்படி என் கையில் கொடுத்தார்.

"இத கையில புடிச்சிகினு இந்தத் தெருவு முச்சூடும் நடந்து போங்க. நாலு பேரு பாக்கட்டும். மாப்ளயே வாங்கினு போறாருன்னு பேசிக்குவாளுங்க. நீங்க துன்னாதீங்க. அவ துன்னட்டும். பாவம், எளச்சிட்டா."

நடந்தேன். பக்கத்துக் கடைக்காரி, "இன்னா சாரே, நாக்கு கேக்கலியா?" என்றாள். நான் சிரித்தேன். பச்சை வயர் கூடைப் பெண்மணியும் பையைப் பார்த்தார். யாரிடமும் நான் எதுவும் சொல்லவில்லை. மீன் கையில் இருந்தது, அதைக் காசிமேட்டுக்காரி விற்றாள், மருமகன் வாங்கினான். எல்லாம் உண்மை. அந்த உண்மைக்குள் நான் மறுபடியும் பத்திரமாக இருந்தேன். மாமியார் தன் மீனைக் காப்பாற்றிய வழியிலேயே என்னையும் காப்பாற்றி அனுப்பியிருந்தார்.

வீட்டில் மனைவி நெத்திலியைத் தலை கிள்ளி, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். தக்காளியும் போட்டாள். எனக்கு மோரும் பூசணியும் வைத்தாள். சாப்பிட உட்காருவதற்கு முன் செல்பேசியில் தம்பியைக் கூப்பிட்டு, "உன் மாமா இன்னாவோ சொல்லணுமாம்," என்று என் முன்னால் வைத்தாள்.

"சொல்லு மாமு. இன்னா, மறுக்கா கால் புடிச்சிகிச்சா?"

செய்தியின் முதல் பத்தியைப் போல நாலு வாக்கியத்தில் சொன்னேன். எது, எங்கே, எவ்வளவு நாள், மீனுக்கும் எண்ணூர்த் தண்ணீருக்கும் இதில் பங்கில்லை என்பது. அந்தப் பக்கம் காற்றுச் சத்தமும், வலை உலர்த்தும் இடத்தில் யாரோ கத்திப் பேசுவதும் கேட்டன.

"நாலு மாசமா நாங்க எண்ணூர் முகத்துவாரத்துல வலை போடல மாமு," என்றான் கடைசியில். "அங்கதான் நெத்திலி கீது. நான்தான் வேணாம்னு சொன்னேன். எங்கக்கா புருசனுக்கே விசத்தக் குடுத்துட்டேன்டான்னு சொன்னேன். போட்ல கீற ரெண்டு பேரும் எம் பேச்சக் கேட்டு வெறும் வலையோட வந்துகினு கீறானுங்க. இப்ப அவனுங்ககிட்ட இன்னா சொல்றது?"

"நான் சொன்னேன்னு உண்மையச் சொல்லு."

"எத? எங்க மாமு சுவரொட்டி துன்னாருன்னா?" சிரிக்கிறானோ என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "சரி. வலை கிளிஞ்சி கெடக்குது. வெக்கிறேன்."

மனைவி சாப்பிட ஆரம்பித்தாள். முதல் கவளத்தை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். நான் எதிரே உட்கார்ந்து மோர்ச்சோற்றைப் பிசைந்தேன்.

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. சனிக்கிழமைகளில் இப்போது வீட்டில் இருக்கிறேன். நண்பன்தான் சில சமயம் வந்து டீ குடித்துவிட்டுப் போகிறான். மருத்துவரிடம் தனியாகப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பருப்பும் தக்காளியும் அவ்வளவாகப் பயப்பட வேண்டியவை அல்ல என்றார், அவை திரும்ப வந்துவிட்டன. மாதம் ஒன்றிரண்டு முறை மீன் கொஞ்சமாகச் சாப்பிடலாம் என்றும் சொன்னார். நான் இன்னும் சாப்பிடவில்லை. கடைசிச் சீட்டில் 6.2. அம்புக்குறி இல்லை. மடிப்புக் கோடுகளோடு அந்தத் தாள் குளிர்பெட்டிக் கதவில்தான் இருக்கிறது. பின்பக்கம் வெளியே தெரிகிறது. ஒட்டியது மனைவி.

எண்ணூர்ப் பக்கம் மறுபடி வலை போடுகிறார்கள். மீன் வருகிறது. ஆனால் பை கேட்டில் தொங்குவதில்லை. மச்சான் வண்டியை நிறுத்தி, மணி அடித்து, அக்காவைக் கூப்பிட்டுக் கையில் கொடுக்கிறான். போன வாரம் அவன் வந்தபோது அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நான் கதவைத் திறந்தேன். ஏதாவது வம்புப் பேச்சு வரும் என்று ஒரு நொடி காத்திருந்தேன், நாளிதழ்கூடக் கையில் இருந்தது.

"அக்கா இல்லீங்களா?" என்றான். பிறகு என் காலைப் பார்த்து, "இப்ப பரவாயில்லீங்களா?" என்று கேட்டான்.

மாமு என்று சொல்லவில்லை.